எந்த வண்டி அந்தப் பத்தாண்டை ஆண்டது?

கோவில்பட்டியில், நெடுஞ்சாலையை ஒட்டிய தேநீர்க் கடை ஒன்றில் அண்மையில் ஓர் அரட்டை. அரட்டை என்றா சொன்னோம்? இல்லை, அது ஒரு பட்டிமன்றம்! நடுவர் இல்லாத பட்டிமன்றம். நேரம் முடிந்தது என்று மணி அடிக்க ஆள் இல்லாத பட்டிமன்றம். ஓய்வு பெற்ற அரசு வண்டி ஓட்டுநர் ஒருவர், பட்டறையில் நாற்பது ஆண்டு முதுகு வளைத்த மெக்கானிக் ஒருவர், லாரி ஓட்டியே தலை நரைத்தவர் ஒருவர், தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தேநீருக்கு நின்ற, ஐம்பதைக் கடந்த அம்மையார் ஒருவர். நாமும் ஒரு பெஞ்சு ஓரத்தில் இருந்தோம். பேசப்பட்ட பொருள் என்ன தெரியுமா? 1980-ல் தொடங்கி 1990-ல் முடிந்த பத்தாண்டில், நாட்டை அதிகமாக மாற்றிய மோட்டார் வண்டி எது?

"அம்பாசிடரை விட்டா வேற வண்டி உண்டா, அண்ணாச்சி?" என்றார் அரசு ஓட்டுநர்.

"போங்க அண்ணாச்சி! மாருதி வந்த பெறகு அம்பாசிடரை யாரு சீண்டுனா?" என்றார் மெக்கானிக்.

"ரெண்டு பேரும் காரையே பேசுறீக. கார் எத்தனை வீட்டுல நின்னுச்சு? ஃபோர் நாட் செவனைப் பேசுங்க!" என்றார் லாரிக்காரர்.

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக் கொண்டிருந்தார்.

"வெட்டிப் பேச்சு, வேலையற்ற பேச்சு" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! மன்னர்களின் பட்டியலை வைத்து வரலாறு எழுதினார்கள். போர்களின் பட்டியலை வைத்து எழுதினார்கள். மக்களைச் சுமந்த சக்கரத்தை வைத்து எழுதினால் என்ன குற்றம்?

மேல்நாட்டார் இப்படி ஒரு கணக்குப் பார்த்ததுண்டு. 1999-ல் பல நாட்டு மோட்டார் வல்லுநர்கள் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் கார் எது என்று வாக்கெடுத்தார்கள். முதலிடம் ஃபோர்டு மாடல் டி. இரண்டாவது பிரிட்டனின் மினி, மூன்றாவது பிரான்சின் சித்ரோவன் டி.எஸ்., நான்காவது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டு. அழகுக்கும் வேகத்துக்கும் பரிசு கொடுப்பதானால் மாடல் டி முதலிடத்தின் பக்கமே வந்திருக்காது. ஏன் வந்தது? 1908-ல் 850 டாலர் விலை சொன்ன கார், 1925-ல் 260 டாலருக்கு இறங்கியது. இடையில், 1914-ல், தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார் ஃபோர்டு. அவர் ஏழைகளின் நண்பர் என்று நாம் சான்றிதழ் தரவில்லை. சங்கம் வைத்த தொழிலாளியை அவருடைய ஆட்கள் அடித்ததையும் வரலாறு எழுதித்தான் வைத்திருக்கிறது. ஆனால் காரைச் செய்கிறவனே காரை வாங்கலாம் என்ற நிலை அங்கேதான் முதலில் பிறந்தது.

அதற்கு நேர்மாறு வண்டின் கதை. ஹிட்லர் ஆட்சியில், வாரந்தோறும் வில்லை வாங்கி ஒட்டுங்கள், அட்டை நிரம்பினால் கார் தருகிறோம் என்றார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் பணம் கட்டினார்கள். அந்த ஆட்சியிடமிருந்து கார் பெற்றவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! ஆலை போருக்கு வண்டி செய்தது. மக்கள் கையில் வில்லை மட்டும் மிஞ்சியது. போர் முடிந்த பிறகே வண்டு மக்களிடம் வந்தது.

ஆகவே, தோழர்களே, வண்டியை அளக்க நம்மிடம் மூன்று முழக்கோல்கள் இருக்கின்றன. எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது? தொழிற்சாலையில் எதை மாற்றியது? உழைப்பவன் வாழ்க்கையில் எதை மாற்றியது? இந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு பட்டிமன்றத்துக்குத் திரும்புவோம்.

முதலில் அம்பாசிடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் அச்சு; 1950-களின் இறுதியில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவெடுத்தது. மார்க் இரண்டு, மார்க் மூன்று, மார்க் நான்கு என்று பெயருக்குப் பின்னால் எண் மாறியது, உருவம் மாறவில்லை. மாற்ற வேண்டிய தேவை என்ன? போட்டிக்குப் பம்பாயில் பிரீமியர் பத்மினி, சென்னையில் ஸ்டாண்டர்டு. மூவருக்கும் உரிமம் இருந்தது, நான்காமவர் நுழையக் கதவு இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

குறை சொல்லிவிட்டோம், நிறையையும் சொல்ல வேண்டும். நம் கரிசல் மண்ணின் குணம் வெளியூராருக்குத் தெரியாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் பிசினாய்ப் பிடித்துக்கொள்ளும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் களிமண் அது. போட்ட தார்ச்சாலையையும் உடைத்துவிடும். அந்த மண்ணில், விளாத்திகுளம் பக்கத்திலும் எட்டயபுரம் பக்கத்திலும் பருத்திக் காட்டுப் பாதையில், உயர்ந்து நின்ற அடிப்பாகத்தோடு தள்ளாடித் தள்ளாடியேனும் ஊர் போய்ச் சேர்ந்தது அம்பாசிடர். கியர்த் தண்டு ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்ததால் முன்னால் மூவர்; பின்னால் எத்தனை பேர் என்று எண்ணியவர் யார்? பிரசவ வலியில் துடித்த பெண்ணும் அதில்தான் வந்தாள். தேர்தல் காலத்தில் கொடியும் ஒலிபெருக்கிக் குழாயும் அதன் தலையில்தான் ஏறின. ஆனால் அது அந்தப் பத்தாண்டை மாற்றிய வண்டி அன்று. அந்தப் பத்தாண்டு மாற்றிய வண்டி! மகுடம் போனது, 2014 மே மாதம் ஆலையும் நின்றது.

மகுடத்தைப் பறித்தது மாருதி 800. 1981-ல் நடுவண் அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1982-ல் ஜப்பானின் சுசுகியோடு கைகோத்து, 1983 டிசம்பர் 14 அன்று குர்கானில் முதல் காரின் சாவியைக் கொடுத்தார்கள். மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின், ஏறத்தாழ 650 கிலோ எடை, ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சுற்று விலை. அதுவரை நாடு முழுவதும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கூடச் செய்யப்படவில்லை. பத்தாண்டு முடியுமுன் மாருதி ஒன்று மட்டுமே ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை 25 லட்சத்துக்கு மேற்பட்ட 800 வண்டிகள் வெளிவந்தன.

"வாக்கு மாருதிக்கே!" என்று மெக்கானிக் மேசையைத் தட்டினார். பொறுங்கள், அண்ணாச்சி! ஐம்பதாயிரம் ரூபாய் என்பது அன்றைய மில் தொழிலாளிக்குக் கனவிலும் எட்டாத தொகை. வழக்குரைஞர் வாங்கினார், மருத்துவர் வாங்கினார், வங்கி மேலாளர் வாங்கினார். பாட்டாளி வேடிக்கை பார்த்தான். முதல் முழக்கோலில் மாருதி பாதி தூரம்தான் வருகிறது.

இரண்டாவது முழக்கோலில்தான் அது உயர்ந்து நிற்கிறது. மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவகம். பாகம் செய்து கொடுக்கும் ஆலைகளுக்கும் ஒரே கட்டளை: குறித்த நேரத்தில் வரவேண்டும், குறையில்லாமல் வரவேண்டும். இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டிலேயே செய்தாக வேண்டும் என்ற விதியும் கூடவே இருந்தது. அந்த ஒழுங்கு குர்கானோடு நிற்கவில்லை. மோட்டார்ப் பாகம் செய்யும் தொழில் முழுவதிலும் பரவியது. 1998-ல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. துறைமுகம் இருந்தது, பாகம் செய்யத் தெரிந்த ஆலைகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைதேர்ந்த தொழிலாளி இருந்தான். கார்த் தொழில் தமிழ்நாட்டுக்கு வந்தது.

ஒரே சீருடை கொடுத்தவர்கள் ஒரே ஊதியம் கொடுத்தார்களா என்றும் கேட்கத்தான் வேண்டும். நிரந்தரத் தொழிலாளி ஒருவன், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன். ஒரே வேலை, இரண்டு கூலி. 2011-ல் மானேசர் ஆலையில் வேலைநிறுத்தம். 2012 ஜூலையில் அங்கே கலவரம், ஓர் அதிகாரியின் சாவு, நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் சிறையில். 2017-ல் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் 117 பேர் விடுதலை ஆனார்கள். குற்றமற்றவர்கள் என்று சொல்ல இத்தனை ஆண்டா? சீருடை ஒன்றானால் மட்டும் நிலை ஒன்றாகிவிடாது!

இந்த இடத்தில் சென்னையின் சொந்தக் கதையைச் சொல்லாமல் போனால் நாம் நன்றி கொன்றவர்கள் ஆவோம். வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை. பிரிட்டிஷ் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. நம்மவர்கள் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள்! பிறந்த நாட்டில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் ஓடியது. அத்தகைய கைத்திறன் படைத்த ஆலை, மாருதி வந்த இரண்டாம் ஆண்டு, 1985-ல், ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தது. மேனி புதிது, ரோவர் வண்டியின் மேனி. உள்ளே எஞ்சினோ வான்கார்டு காலத்துப் பழைய எஞ்சினின் வழிவந்தது. பெட்ரோலைக் குடித்தது, விலையும் மிகுதி. நாடு சிறிய காரைக் கேட்டபோது சீமான் காரைச் செய்தார்கள். 1988-ல் உற்பத்தி நின்றது. தவறான வண்டியைத் தேர்ந்தெடுத்தது தொழிலாளியா? இல்லை. வேலை இழந்தது யார்? தொழிலாளி! மாருதியின் வெற்றியைப் பாடுகிறவர்கள் இந்தக் கண்ணீரையும் கணக்கில் எழுத வேண்டும்.

இனி லாரிக்காரர் வாதம். 1980-களின் நடுவில் நான்கு ஜப்பானியக் கூட்டு நிறுவனங்கள் சிறு லாரியோடு வந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. இந்தியக் கம்பெனிகள் தொலைந்தன என்றார்கள். 1986-ல் டாட்டா 407 வந்தது, உள்நாட்டிலேயே வடித்தெடுத்த வண்டி. அந்த வேளையில் ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு ஏறியது. 1985-க்குப் பிறகு அங்கிருந்து இறக்கிய பாகங்களின் விலையும் ஏறியது. டாட்டாவுக்கு அந்தச் சுமை இல்லை. சந்தை 407 பக்கம் சாய்ந்தது.

அதே 1986-ல்தான் நம் வட்டாரம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. சாத்தூர்ச் சந்தைக்கு மிளகாய், மில்லுக்குப் பருத்தி, ஊர் ஊருக்குக் கடலை மிட்டாய், தீப்பெட்டிப் பண்டல். பெரிய லாரி நிறையும்வரை காத்திருந்த சிறு வியாபாரிக்கு, அன்றைய சரக்கை அன்றே அனுப்ப வழி பிறந்தது. ஒரு வண்டி வாங்கியவன் ஓட்டுநராகவும் முதலாளியாகவும் ஆனான். லாரிக்காரர் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது முழக்கோலில் 407 மாருதியை முந்துகிறது.

தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று நாம் வாயெடுத்தோம். அப்போது அந்த அம்மையார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லா வண்டியும் சொன்னீக. எங்களை ஏத்திட்டுப் போன வேனை யாரும் சொல்லலையே, தம்பி?"

கடை அமைதியாயிற்று.

சொல்கிறோம், அம்மா! சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில், அந்தப் பத்தாண்டில், தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் விடிவதற்கு முன்பே கரிசல் கிராமங்களுக்குள் நுழையும். அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே ஒலிப்பான் அலறும். தூக்கம் கலையாத சிறுமிகள், தூக்குச்சட்டியோடு, நெருக்கியடித்து ஏற்றப்படுவார்கள். மழை பொய்த்த வீடு. முன்பணம் வாங்கிய வீடு. பிள்ளையை அனுப்பாமல் என்ன செய்யும்? கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். பொழுது சாய்ந்த பிறகு அதே வண்டி திருப்பிக் கொண்டுவந்து இறக்கும். அந்த வண்டிக்கு விளம்பரம் இல்லை, விற்பனைக் கணக்கு இல்லை. ஆனால் ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடத்தை ஏற்றிக்கொண்டு போனது அந்த வண்டிதான்!

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசி ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டமும், தீர்ப்பும், பள்ளியில் போட்ட மதிய உணவும், அறிவொளி ஏற்றியவர்களும், படிக்க வைத்தே தீருவேன் என்ற தாய்மாரும் சேர்ந்துதான் அந்த வண்டியிலிருந்து குழந்தைகளை இறக்கினார்கள்.

"எம் பேத்தி இப்ப அதே ரோட்டுல பஸ்ஸுல பள்ளிக்கூடம் போறா" என்றார் அம்மையார். "ஏழு மணிக்கு எந்திரிக்கச் சொன்னாலே அழுறா. அழட்டும்னு விட்ருவேன்."

இதற்கு மேல் நாம் என்ன தீர்ப்புச் சொல்வது? கேட்டதற்குப் பதில் வேண்டுமென்றால், தொழிற்சாலையை மாற்றிய வண்டி மாருதி 800. சரக்கையும் சிறு வியாபாரத்தையும் மாற்றிய வண்டி டாட்டா 407. மோட்டார் வரலாறு எழுதுகிறவர்கள் அந்த இரண்டு பெயரையும் எழுதட்டும், நமக்கு மறுப்பில்லை.

ஆனால் கரிசல் காட்டின் வரலாறு எழுதப்படும் நாளில், அந்த அதிகாலை வண்டிக்கும் ஒரு பக்கம் வேண்டும். ஒரு வண்டியின் பெருமை அதன் எஞ்சினில் மட்டும் இல்லை, தோழர்களே! ஏறியவர் யார், எங்கே கொண்டுபோய் இறக்கியது என்பதில் இருக்கிறது. உங்கள் ஊருக்குள் நாளை விடியுமுன் எந்த வண்டியாவது ஒலிப்பான் அடித்தால், எழுந்து போய்ப் பாருங்கள். ஏறுகிறவர் கையில் புத்தகப் பை இருக்கிறதா, தூக்குச்சட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தூக்குச்சட்டியோடு ஒரு குழந்தை நின்றால், அந்த வண்டியை நகர விடாதீர்கள்!