உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறதா? கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்

இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊர் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் ஒரு அடிதடி கேஸ். ஜாமீன் வாங்கினார், இரண்டு மூன்று வாய்தாவுக்கு ஜெயங்கொண்டம் கோர்ட்டுக்குப் போனார். அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. "எதிர்த்தரப்போடு சமாதானம் ஆயிடுச்சு, கேஸ் முடிஞ்ச மாதிரிதான்" என்று விட்டுவிட்டார். ஆடித் திருவாதிரைக்கு ஊருக்கு வந்தவரை வீட்டு வாசலில் போலீஸ் நிறுத்துகிறது: "உங்க பேர்ல வாரண்ட் இருக்கு."

திண்ணையில் பேசி முடித்த சமாதானம் கோர்ட் ஏட்டில் ஏறவில்லை. வாய்தாவுக்கு வராததால் நீதிபதி பிடியாணை பிறப்பித்திருக்கிறார். அவர் கையில் இருந்த கைபேசியில் ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் இது முன்னாலேயே தெரிந்திருக்கும். அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

முதலில் ஒரு விஷயம்

ஊர் பெயரைப் போட்டால் நிலுவையில் உள்ள எல்லா வாரண்டுகளும் வரிசையாக வரும் பொதுப் பக்கம் எதுவும் இல்லை. அப்படிக் காட்டுகிறோம் என்று பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். ஆனால் வாரண்ட் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. ஏதோ ஒரு வழக்கில், ஏதோ ஒரு நாள் விசாரணையில்தான் அது பிறக்கிறது. அந்த வழக்கின் விவரம் 'இகோர்ட்ஸ்' தளத்தில் இருக்கும். ஆகவே வாரண்டைத் தேட வேண்டாம், வழக்கைத் தேடுங்கள். வழக்கு கிடைத்தால் வாரண்ட் உண்டா இல்லையா என்பது அதிலேயே தெரியும்.

எந்த போலீஸ், எந்த கோர்ட்?

கங்கைகொண்ட சோழபுரம் பகுதி மீன்சுருட்டி காவல் நிலைய எல்லையில் வருகிறது. இங்கே பதிவாகும் சாதாரண குற்ற வழக்குகள் பெரும்பாலும் ஜெயங்கொண்டம் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். கொலை, கொலை முயற்சி போன்ற பெரிய வழக்குகளை செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். மேல்முறையீடு, முன்ஜாமீன் என்று உயர் நீதிமன்றம் போனால், அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களும் சென்னை அமர்வுக்கு உட்பட்டவை. பக்கத்தில் இருக்கும் திருச்சியும் தஞ்சாவூரும் மதுரைக் கிளைக்குப் போவதால் பலருக்கு இதில் குழப்பம் வருகிறது.

இன்னொன்று: அரியலூர் மாவட்டம் 2001-ல் உருவாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. அதனால் பழைய வழக்கு அரியலூரில் கிடைக்காவிட்டால் தேடலில் பெரம்பலூர் மாவட்டத்தையும் தேர்வு செய்து பாருங்கள்.

வழக்கைத் தேடும் முறை

'இகோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியை உங்கள் கைபேசியின் ஆப் ஸ்டோரில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இணையதளமும் உண்டு. இணையதளம் என்றால் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை.

1. சி.என்.ஆர். எண் தெரிந்தால்: இதுதான் குறுக்கு வழி. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட ஒரு தனி எண் உண்டு. முதல் நான்கு இடம் மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், கடைசி நான்கு இடம் ஆண்டு. உங்கள் வக்கீலிடம் கேட்டால் கொடுப்பார். அதை உள்ளிட்டால் நேராக வழக்கு விவரம் திறக்கும்.

2. எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால்: வழக்கு நிலை பகுதியில் தமிழ்நாடு, அரியலூர், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்வு செய்து, காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுங்கள்.

3. எதுவும் தெரியாவிட்டால்: கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடலாம். பெயரையும் வழக்குப் பதிவான ஆண்டையும் கொடுத்து, 'நிலுவை', 'முடிந்தவை' இரண்டிலும் பாருங்கள்.

பெயர்த் தேடலில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார். செந்திலுக்கு 'எச்' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். முழுப் பெயரை அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள். ஆண்டும் சரியாக நினைவில்லை என்றால் முன்பின் ஆண்டுகளையும் மாற்றிப் பாருங்கள். சம்பவம் நடந்த வருஷமும் கோர்ட்டில் வழக்கு எண் விழுந்த வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

திறந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

வழக்கு எண்ணுக்கு முன்னால் சில எழுத்துகள் இருக்கும். சி.சி. என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் குற்ற வழக்கு. எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை வழக்கு. எஸ்.சி. என்றால் செஷன்ஸ் வழக்கு. ஓ.எஸ். என்றால் நிலம், பணம் போன்ற சிவில் வழக்கு.

அடுத்து, 'வழக்கின் நிலை' என்ற வரியையும் அடுத்த வாய்தா தேதியையும் பாருங்கள். அதற்குக் கீழே இதுவரை நடந்த வாய்தாக்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்றைக்கு என்ன நடந்தது என்ற சிறு குறிப்பு திறக்கும். அதில் 'என்.பி.டபிள்யூ.' என்று இருந்தால் ஜாமீனில் விட முடியாத பிடியாணை. 'பி.டபிள்யூ.' என்று இருந்தால் ஜாமீனில் விடக்கூடிய பிடியாணை. இரண்டாவதில், வாரண்டில் குறித்த தொகைக்குப் பிணைப் பத்திரமும் ஜாமீன்தாரர்களும் கொடுத்தால் போலீசாரே விடுவித்துவிடுவார்கள். முதலாவதில் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். செயலியில் வழக்கைச் சேமித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை. நெட் சரியாக இல்லாத இடத்தில் இருந்தால், ஆங்கிலத்தில் 'இகோர்ட்ஸ்' என்று பெரிய எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சி.என்.ஆர். எண்ணைப் போட்டு 9766899899 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் நிலவரம் பதிலாக வரும்.

எஃப்.ஐ.ஆர். பார்க்க

வழக்கு இன்னும் கோர்ட் எண் வாங்கவில்லை என்றால் இகோர்ட்ஸில் கிடைக்காமல் போகலாம். அப்போது தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் இணையப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆர். பார்வையிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். நீங்கள் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தால் அதன் நிலையையும் அங்கே பார்க்கலாம்.

எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. எனவே இணையத்தில் இல்லை என்பதை வைத்து வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒருவர் கைதாகிவிட்டார், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். அதற்குப் பொறுப்பான ஒரு அதிகாரியும் இருக்க வேண்டும். அவரைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

வாரண்ட் இருக்கிறது. இனி?

பதறி ஓடி ஒளிய வேண்டாம். "நாளாகிவிட்டால் தானாகக் காலாவதி ஆயிடும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது நிறைவேற்றப்படும் வரை வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். பத்து வருஷம் ஆனாலும் இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கும். வளைகுடா வேலைக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைச் சரிபார்ப்பது நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். வக்கீல் மூலம் அதே நீதிமன்றத்தில் நேரில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கோரி மனுப் போடுங்கள். ரீகால் மனு என்பார்கள். வாய்தாவுக்கு வர முடியாத காரணத்துக்கு மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரம் இருந்தால் எடுத்துப் போங்கள். முடிவு நீதிபதியின் கையில்தான் இருக்கிறது. அபராதமோ நிபந்தனையோ விதிக்கலாம், காவலில் வைக்கவும் உத்தரவிடலாம். ஆனாலும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தப்படுபவரை விடத் தானாக வந்து நிற்பவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். "பணம் கொடுங்க, ஸ்டேஷன்லயே வாரண்டை முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். வாரண்டை ரத்து செய்யும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு.

போலீஸ் வாரண்டோடு வந்தால், அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும். கேட்டால் காட்டவும் வேண்டும். அதில் நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் 'வாரண்ட்'

வீடியோ காலில் சீருடை போட்டவர் வந்து, "உங்க ஆதார்ல கேஸ் ஆயிருக்கு, இது டிஜிட்டல் அரெஸ்ட், போனை வைக்காதீங்க" என்று மிரட்டினால், உடனே போனை வையுங்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. சம்மன் மின்னணு முறையில் வரச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கோர்ட்டும் போனில் பணம் கேட்காது. "சி.என்.ஆர். எண் என்ன?" என்று கேளுங்கள். அந்த எண்ணைச் செயலியில் போட்டு நீங்களே பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அடுத்தவர் வழக்கைப் பார்க்கும்போது

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை பேரில் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இப்போது அதிகம். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலு பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயர், காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் யாரையும் முடிவு செய்யாதீர்கள். வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது உங்களுக்கே வம்பாக முடியலாம்.

திரையில் பார்ப்பது தகவலுக்கு மட்டுமே. வங்கிக்கோ, வேலைக்கோ, மேல்முறையீட்டுக்கோ தீர்ப்பைக் காட்ட வேண்டுமென்றால், அந்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும்.

வீட்டில் யார் பேரிலாவது பழைய வழக்கு ஒன்று இருந்தால், அதன் சி.என்.ஆர். எண்ணை இன்றைக்கே வாங்கி ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் பையில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து, அடுத்த வாய்தா எப்போது என்று பாருங்கள்.