நிழற்கடமையைப் பயனுள்ளதாக்குவோம்

தாதியர் சேவை நூலறிவினால் மட்டும் கைவரக்கூடியதொன்றல்ல. 1860ஆம் ஆண்டு லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஆரம்பித்த பயிற்சிப் பாடசாலை, நோயாளர் விடுதியையே தனது வகுப்பறையாகக் கொண்டிருந்தது. அந்த மரபின் இன்றைய வடிவங்களுள் ஒன்றே 'நிழற்கடமை' ஆகும்.

ஒரு பிரிவில் புதிதாக இணையும் தாதியோ, பயிற்சி பெறும் மாணவரோ, அனுபவமிக்க தாதி ஒருவரை ஒரு கடமை நேரம் முழுவதும் நிழல்போலப் பின்தொடர்ந்து அவதானிப்பதையே இது குறிக்கின்றது. அமெரிக்காவில் பல வைத்தியசாலைகள், வேலைக்கு விண்ணப்பித்தோருக்கும் இவ்வாய்ப்பை வழங்குகின்றன. பிரித்தானியாவில் பயிற்சித் தாதியரை விடுதியின் ஆளணிக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது விதியாகும். கற்க வந்தவரை வேலையாளாகக் கணக்கிட்டால் கற்றலும் நிகழாது, நோயாளரின் பாதுகாப்பும் உறுதிப்படாது என்பதே இதன் உட்பொருள்.

இந்நேரத்தில் எதனை அவதானிப்பது? முதலாவது, கடமை கையளிப்பு. முன்னைய அணியினர் எந்த நோயாளரைப் பற்றி முதலில் பேசுகின்றனர், எதனை எழுத்திலும் எதனை வாய்மொழியாகவும் தெரிவிக்கின்றனர் என்பதைக் கவனித்தாலே அப்பிரிவின் ஒழுங்கு புலப்படும். கையளிப்பின்போது விடுபடும் ஒரு சொல், பின்னர் ஓர் உயிருக்கே உலையாகலாம்.

இரண்டாவது, மருந்து வழங்கும் வேளை. நோயாளர், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரியானவையா என ஒவ்வொரு முறையும் உறுதிசெய்யப்படுதல் வேண்டும். அவ்வேளையில் கேள்வி கேட்டுத் தாதியின் கவனத்தைக் கலைப்பது தவறு. வினாக்களைக் குறித்துவைத்து ஓய்வுவேளையில் கேட்பதே முறையாகும். குறிப்பேட்டில் நோயாளரின் பெயரோ அடையாளமோ இடம்பெறலாகாது.

மூன்றாவது, கைகழுவும் ஒழுக்கம். நோயாளரைத் தொடும் முன்னரும் பின்னரும் உட்பட ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வேலைப்பளு மிகுந்த வேளையிலும் அது பேணப்படுகின்றதா என்பதே உண்மையான உரைகல். அவ்வாறே, ஐயம் எழும்போது இளைய தாதியொருவர் தயக்கமின்றி மூத்தவரிடமோ வைத்தியரிடமோ கேட்க முடிகின்றதா என்பதையும் நோக்க வேண்டும். கேள்வி கேட்க அஞ்சும் விடுதியில் தவறுகள் மறைக்கப்படும்.

எமது நாட்டில் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து நியமனம் பெறுவோர், தமக்குப் பழக்கமில்லாத பிரதேசத்துக்கும் அனுப்பப்படுகின்றனர். தமிழ் நோயாளரிடையே தமிழறியாத தாதியும், சிங்கள நோயாளரிடையே சிங்களம் அறியாத தாதியும் பணியாற்ற நேர்கின்றது. வலி எங்கே, எத்தகையது என்பதைச் சொல்ல முடியாத நோயாளிக்குச் சிறந்த மருந்திருந்தும் பயன் குறைவே. எனவே அப்பிரிவில் அன்றாடம் புழங்கும் சொற்களைத் திரட்டிக்கொள்வதும் நிழற்கடமையின் ஓர் அங்கமாதல் வேண்டும்.

பண்பாட்டு அறிவும் அத்தகையதே. நோன்பு காலத்தில் நீரிழிவு நோயாளி ஒருவர் வழக்கமான அளவில் இன்சுலினை ஏற்றிக்கொண்டு உணவின்றி இருந்தால், குருதியில் சீனியின் அளவு ஆபத்தான மட்டத்துக்குக் குறையக்கூடும். நோன்பு நோற்கின்றீர்களா என முன்கூட்டியே வினவி வைத்தியருக்கு அறிவிக்கும் தாதி ஓர் ஆபத்தைத் தடுத்தவராவார். பெண் நோயாளரைப் பராமரிக்கையில் திரையிட்டு மறைவைப் பேணுவதும் எல்லாச் சமூகத்தவரும் எதிர்பார்க்கும் மரியாதையாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து தாதியர் பலர் வெளிநாடு சென்றமை யாவரும் அறிந்ததே. ஆட்பற்றாக்குறையுள்ள விடுதியில் புதியவரை முதல் நாளே தனித்துப் பணியில் நிறுத்தும் ஆசை எழுவது இயல்பு. ஆயினும் ஓரிரு நாட்களை மீதப்படுத்தும் அச்செயலின் விலையை நோயாளியே செலுத்த நேரிடும். முறையான நிழற்கடமையை நிர்வாகங்கள் உறுதிப்படுத்துவதும், அதனை வெறும் சுற்றிப்பார்த்தலாக்காது கற்றலாக்கிக்கொள்வதும் இரு தரப்பாரினதும் கடமை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.