உலகம் முடியக் காத்திருந்த ஊர்

தையற்காரர் ஒருவர் உலகம் முழுவதற்கும் ராஜாவான கதை உங்களுக்குத் தெரியுமா? பாட்டி சொல்லும் கதையல்ல, வாசகர்களே, அசல் சரித்திரம். 1534-ஆம் வருஷம் ஜெர்மனியின் வடமேற்கே மூன்ஸ்டர் என்ற ஊரில் நடந்தது. அந்த ராஜாவின் சாம்ராஜ்யம் ஊர்க் கோட்டை மதிலோடு முடிந்துவிட்டது. மதிலுக்கு அப்பால் எதிரியின் பீரங்கிகள் நின்றன. ஆனாலும் அவர் தலையில் பொற்கிரீடம் இருந்தது. சந்தை வெளியில் சிம்மாசனம் இருந்தது. பூமி முழுவதும் தமக்கே சொந்தம் என்ற பிரகடனமும் இருந்தது!

இந்த விசித்திரம் எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமானால், கிறிஸ்தவர்களின் ஒரு நம்பிக்கையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் ஏழையாகப் பிறந்த இயேசு கிறிஸ்து மறுபடியும் வருவார், இந்தத் தடவை ராஜாதி ராஜாவாக வருவார், உயிரோடிருப்பவர்களுக்கும் மாண்டவர்களுக்கும் நியாயத் தீர்ப்பு வழங்குவார் என்பது அந்த நம்பிக்கை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இதில் ஒன்றுதான். நம் ஊர்க் கத்தோலிக்க ஆலயங்களில் நவம்பர் மாதக் கடைசியில் கிறிஸ்து அரசர் திருநாள் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1925-ல் போப் பதினோராம் பயஸ் ஏற்படுத்திய திருநாள் அது. இப்போது திருச்சபையின் வருஷத்தில் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. காலம் முடியும்போது ராஜா வருவார் என்பதைப் பஞ்சாங்கத்திலேயே எழுதி வைத்த மாதிரி!

எப்போது வருவார், எப்படி ஆளுவார் என்பதில்தான் தகராறு. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், இருபதாம் அதிகாரம் ஆயிரம் வருஷ ஆட்சியைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த அதிகாரத்தில் புதிய எருசலேம் நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. ஆயிரம் வருஷம் என்பது திருச்சபையின் காலத்தைக் குறிக்கும் உருவகம் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே மகான் அகஸ்டின் விளக்கம் சொல்லிவிட்டார். ஆனால் அடிபட்டு உதைபட்டுக் கிடக்கும் மனிதனுக்கு உருவகம் போதுமா? அவனுக்கு ஊரும் வேண்டும், தேதியும் வேண்டும்.

மூன்ஸ்டர் கதையில் வருகிறவர்கள் அப்படி அடிபட்ட மனிதர்கள்தான். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வயது வந்து விவரம் தெரிந்து பெறுவதே ஞானஸ்நானம் என்பது அவர்கள் கொள்கை. அனபாப்டிஸ்டுகள், அதாவது மறு ஞானஸ்நானக்காரர்கள், என்று மற்றவர்கள் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டாம் தடவை ஞானஸ்நானம் பெறுகிறவர்களுக்கு மரண தண்டனை என்று 1529-ல் ஜெர்மன் சாம்ராஜ்ய சபை சட்டமே போட்டது. எரிப்பது ஓரிடம், நீரில் அமுக்குவது இன்னோரிடம். இவ்வளவு கொடுமைக்கு நடுவே, 'உலகம் சீக்கிரம் முடியப் போகிறது' என்ற சொல் அவர்கள் காதில் பயமுறுத்தலாகவா விழுந்திருக்கும்? ஆறுதலாகத்தான் விழுந்தது.

முதலில் நாள் குறித்தவர் மெல்கியோர் ஹோஃப்மன் என்ற தோல் ஆடைத் தொழிலாளி. 1533-ல் கிறிஸ்து வருவார், ஸ்ட்ராஸ்பர்க் நகரமே புதிய எருசலேம் என்றார். 'நீர் ஆறு மாதம் சிறையில் இருப்பீர், அதற்குப் பிறகு கர்த்தர் வருவார்' என்று ஒரு கிழவர் அவருக்குச் சொல்லியிருந்தார். ஆகவே ஸ்ட்ராஸ்பர்க்கில் கைதானபோது ஹோஃப்மனுக்கு ஒரே சந்தோஷம்! ஆறு மாதம் ஆயிற்று. ஒரு வருஷமும் ஆயிற்று. சுமார் பத்து வருஷத்துக்குப் பிறகு அதே சிறையில் அவர் காலமானார்.

குறித்த நாள் பொய்த்தால் நம்பிக்கை கரைந்துவிடும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? அங்கே நடந்தது வேறு. ஹாலந்து தேசத்து ஹார்லெம் நகரில் ரொட்டி சுட்டுப் பிழைத்த ஜான் மத்தைஸ் என்பவர் கிளம்பினார். ஊர்தான் தவறு, ஸ்ட்ராஸ்பர்க் அல்ல, மூன்ஸ்டர் என்றார். காத்திருந்தால் மட்டும் போதாது, ராஜா வருவதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். இந்த இடத்தில்தான் வினை பிறந்தது.

மூன்ஸ்டரில் பெர்ன்ஹார்டு ராத்மன் என்ற பிரசங்கி ஏற்கெனவே ஜனங்களின் மனத்தை உழுது வைத்திருந்தார். ஜவுளி வியாபாரி நிப்பர்டாலிங் பக்கபலம். 1534 பிப்ரவரியில் நகரசபைத் தேர்தலிலேயே அனபாப்டிஸ்டுகள் ஜெயித்துவிட்டார்கள். சில நாளில், கடுங்குளிரில், மறு ஞானஸ்நானம் பெற மறுத்த குடும்பங்கள் உடுத்திய துணியோடு வாசலுக்கு வெளியே விரட்டப்பட்டன. நேற்றுவரை துன்புறுத்தப்பட்டவர்கள் இன்று துன்புறுத்தினார்கள். சொத்தெல்லாம் பொது, பணம் ஒழிந்தது, பைபிளைத் தவிர மற்றப் புத்தகங்கள் நெருப்புக்குப் போயின. ஊரை ஆண்டுவந்த பிஷப் ஃபிரான்ஸ் வான் வால்டெக் படையோடு வந்து முற்றுகையிட்டார். பிஷப் என்றால் ஜபமாலையோடு நிற்கும் குரு என்று எண்ணிவிடாதீர்கள். கோட்டை, கொத்தளம், படை, வரி எல்லாம் உடைய சிற்றரசர் அவர்.

உலகம் முடிய மத்தைஸ் குறித்த நாள், 1534 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று அவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு வாசலைத் திறந்துகொண்டு பிஷப்பின் சேனையை எதிர்க்கப் போனார். வானத்துச் சேனை துணைக்கு வரும் என்ற நிச்சயம் அவருக்கு. வரவில்லை. எதிரிகள் அவரைத் துண்டாக்கித் தலையைக் கழியில் செருகி வைத்தார்கள்.

மறுபடியும் தேதி பொய்த்தது. அந்த வெற்றிடத்தில்தான் நம் தையற்காரர் வந்து நின்றார்.

லெய்டன் நகரத்து ஜான் பொக்கெல்சன். வயது இருபத்தைந்து. தையல் கற்றவர், வியாபாரம் செய்து பார்த்தார், சாராயக் கடை வைத்துப் பார்த்தார். இதற்கிடையில் நாடகம் ஆடுவதில் மோகம். ஆள் அழகர், நாவன்மை உண்டு. முதலில் பன்னிரண்டு மூப்பர்களை நியமித்தார். ஆகஸ்டு 31-ல் பிஷப்பின் பெரிய தாக்குதல் ஒன்றை ஊரார் முறியடித்தார்கள். ஜயபேரிகை ஓய்வதற்குள் டூசன்ட்ஷூர் என்ற பொற்கொல்லர் தமக்குத் தெய்வ வாக்கு வந்ததென்று சொல்லி, பொக்கெல்சனைத் தாவீதின் சிம்மாசனத்துக்கு வாரிசாக, பூமிக்கெல்லாம் ராஜாவாக அறிவித்தார்.

ராஜ்ய பாரம் எப்படி நடந்தது தெரியுமா? சந்தை வெளியில் ஜரிகைத் துணி போர்த்திய சிம்மாசனம். ஒரு பக்கம் பழைய ஏற்பாட்டைத் தாங்கிய சிறுவன், மறுபக்கம் உருவிய வாளோடு இன்னொரு சிறுவன். தெருக்களுக்கெல்லாம் புதுப் பெயர்; பிறக்கும் குழந்தைகளுக்கு அரிச்சுவடி வரிசையில் ராஜாவே பெயர் வைப்பார். ஜனங்களிடம் மிஞ்சிய துணிமணிகள் பறிமுதல். இது மட்டும் ஏன் ஆடம்பரம் என்று கேட்டவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது: 'நான் உலக ஆசைக்குச் செத்தவன், ஆகையால் பட்டும் பொன்னும் என்னை ஒன்றும் செய்யாது. நீங்களும் சீக்கிரத்தில் வெள்ளி நாற்காலியில் அமர்ந்து வெள்ளி மேஜையில் சாப்பிடுவீர்கள்!' நாடகக்காரருக்கு வேஷம் கலையவே இல்லை.

ஊரில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் மூன்று மடங்கு. முந்திய ஜூலையிலேயே பலதார மணத்தைச் சட்டமாக்கி, மணமாகாத பெண்கள் யாரையாவது மணந்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். எதிர்த்துக் கிளம்பிய சுமார் ஐம்பது பேர் கொல்லப்பட்டார்கள். ராஜாவுக்குப் பதினாறு மனைவிகள்; மத்தைஸின் விதவையான திவாராதான் பட்டத்து ராணி. குடும்பப் பத்திரிகையில் இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். எலிசபெத் வாண்ட்ஷெரர் என்பவள், அந்த மனைவியரில் ஒருத்தி, ஊரை விட்டுப் போக அனுமதி கேட்டாள். 1535 ஜூன் மாதம் சந்தை வெளியில் ராஜா தம் கையாலேயே அவள் தலையை வெட்டினார். கூடியிருந்தவர்கள் தோத்திரப் பாட்டுப் பாடினார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஊருக்குள் பசி. ராஜா மறுபடியும் நாள் குறித்தார். 1535 ஈஸ்டருக்குள் விடுதலை நிச்சயம். இல்லையானால் தம்மைச் சந்தை வெளியில் எரித்துவிடலாம் என்றார். ஈஸ்டர் வந்தது, விடுதலை வரவில்லை. 'நான் சொன்னது ஆத்மாவின் விடுதலையை' என்றார் ராஜா. யாரும் அவரை எரிக்கவில்லை! வாக்குப் பொய்த்தபோதெல்லாம் அவர்கள் இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொண்டதற்கு ஏமாளித்தனம் மட்டும் காரணமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. வீடு, சொத்து, உறவு எல்லாவற்றையும் பணயம் வைத்தவன் 'நான் தோற்றேன்' என்று எப்படி ஒப்புக்கொள்வான்? மதிலுக்கு வெளியே மரணம் என்பதும் தெரியும்.

குதிரையைத் தின்றார்கள், நாய், பூனை, எலியைத் தின்றார்கள், பிறகு புல்லும் செருப்புத் தோலும். கடைசியில் போக விரும்புகிறவர்களை ராஜா வெளியே விட்டார். பிஷப்பின் ஆட்கள் ஆண்களை வெட்டினார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் மதிலுக்கும் முற்றுகை அரண்களுக்கும் நடுவே வாரக்கணக்கில் புல்லைப் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். ராஜாவின் பைத்தியத்தைச் சொல்கிறவர்கள் பிஷப்பின் இந்த நெஞ்சழுத்தத்தையும் சொல்ல வேண்டும்.

தப்பி ஓடிய ஹென்ரிக் கிரெஸ்பெக் என்ற தச்சர் நுழைய வழி காட்ட, 1535 ஜூன் 24-ஆம் தேதி இரவு படை உள்ளே புகுந்தது. ராஜாவைச் சங்கிலியில் கட்டி வேடிக்கைப் பொருளாக ஊர் ஊராகக் காட்டினார்கள். 1536 ஜனவரி 22-ல் அவரையும் நிப்பர்டாலிங்கையும் கிரெக்டிங் என்ற இன்னொருவரையும் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் வதைத்துக் கொன்றார்கள்.

இதில் ஒரு விந்தை பாருங்கள். நாழிகையும் நாளும் வானத்துத் தூதர்களுக்குக்கூடத் தெரியாது என்று சொன்னவர் கிறிஸ்து. ஜனங்கள் தம்மைப் பிடித்து ராஜாவாக்க வந்தபோது மலைக்கு நழுவிப் போனவர். பிலாத்து விசாரித்தபோது தமது ராஜ்யம் இந்த உலகத்தைச் சேர்ந்ததல்ல என்றவர். மூன்ஸ்டரில் எரிக்காமல் விட்ட ஒரே புத்தகத்தில்தான் இவை எழுதியிருக்கின்றன!

அதே 1536-ஆம் வருஷத் தொடக்கத்தில் மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு தம் பதவியை விட்டு, சிதறிக் கிடந்த அனபாப்டிஸ்டுகளோடு சேர்ந்தார். கையில் வாள் எடுக்கக் கூடாது, ராஜாவைக் காத்திருக்க வேண்டுமே தவிர ராஜா ஆகக் கூடாது என்று போதித்தார். பல வருஷம் தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்டும் 1561 வரை வாழ்ந்தார். அவர் பெயரால் மென்னோனைட்டுகள் என்று இன்று உலகெங்கும் சபைகள் உண்டு. போர் வேண்டாம் என்பது அவர்களின் பழைய கொள்கை.

மூன்ஸ்டரில் கொல்லப்பட்ட மூவரின் உடல்களையும் மூன்று இரும்புக் கூண்டுகளில் வைத்து செயிண்ட் லாம்பர்ட் ஆலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கோபுரம் பிற்காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. கூண்டுகளை மட்டும் விடாமல் மறுபடி மாட்டினார்கள். 1987-ல் ஒரு கலைஞர் ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்தினார். பொழுது சாய்ந்ததும் அவை மங்கலாக எரியும். அந்தக் கோபுரத்தில் நகரசபை நியமித்த காவலர் ஒருவர் உண்டு. 2014 முதல் அந்த வேலை ஒரு பெண்மணியிடம். இரவு ஒன்பது மணியிலிருந்து நள்ளிரவு வரை, அரை மணிக்கு ஒரு தடவை, அவர் மேலே நின்று கொம்பு ஊதுகிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.