தவறிய ஆண்டு, வாசித்த ஆண்டு



தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம்முடைய வீடுகள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் இனிப்பு. அடுத்த வீட்டில் மௌனம். பிழைப்பைத் தேடி ஊரையும் உறவையும் விட்டு நகரத்திற்கு வந்த குடும்பங்களில் அந்த மௌனம் இன்னும் கனமானது. "இதற்காகவா இத்தனை தூரம் வந்து பாடுபடுகிறோம்?" என்று தகப்பன் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், பிள்ளையின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாருடைய துயரத்திற்கும் தேர்வு ஒன்றே காரணம் அல்ல. ஆயினும், "ஒரு வருஷம் வீணாய்ப் போயிற்று" என்ற சொல் ஓர் இளம் உள்ளத்தை எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்கவேண்டும்.

அந்த ஓர் ஆண்டு உண்மையிலேயே வீணானதுதானா? மைசூரில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது.

பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததும், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருப்பதுமான ராசிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கிருஷ்ணசாமி ஐயர், மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகப் பணியாற்றினார். அவருடைய மகன் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று சென்னையில் பிறந்தார். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, அங்கிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்து, பின்பு பெற்றோருடன் வாழ மைசூர் வந்து சேர்ந்தார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். நகரங்களில் குடியேறிய நம் பிள்ளைகள் இன்று வாழும் அதே மூன்று மொழி வாழ்க்கைதான் அது. அந்த மகன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஆர்.கே. நாராயண்.

பள்ளிப் படிப்பை முடித்த நாராயண், கல்லூரியில் சேருவதற்கான பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோல்வியுற்றார். ஊரறிந்த தலைமை ஆசிரியரின் பிள்ளை தேர்வில் தவறினால் அந்த வீட்டின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மறுபடியும் தேர்வு எழுதும் வரை ஓர் ஆண்டு அவர் வீட்டிலேயே இருந்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் செய்தவை இரண்டு: வாசித்தார், எழுதினார்.

அவருடைய வாசிப்பு ஒரே பாதையில் செல்லவில்லை. பள்ளி நூலகமும் தகப்பனாரின் சொந்தப் புத்தகங்களும் அவருக்குத் திறந்திருந்தன. வால்டர் ஸ்காட், சார்லஸ் டிக்கன்ஸ் ஆகியோரின் பெரிய நாவல்களை வாசித்தார். மேரி கொரெல்லியின் உருக்கமான கதைகளையும், பிரெஞ்சு நாடக ஆசிரியர் மொலியேரின் நகைச்சுவை நாடகங்களையும் வாசித்தார். ஆங்கிலக் கவிதைகளை வாசித்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மாத இதழ்களின் வழியாகக் கோனன் டாயிலின் துப்பறியும் கதைகளும் உட்ஹவுஸின் வேடிக்கைக் கதைகளும் அவருக்கு அறிமுகமாயின. இவற்றில் ஒன்றும் தேர்வுக்கு உரிய பாடம் அல்ல.

1926-இல் மறுமுறை தேர்வு எழுதித் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் வழக்கத்தைவிட ஓர் ஆண்டு கூடுதலாக, நான்கு ஆண்டுகள் கழித்தே பட்டம் பெற்றார். அவர் எழுதிய முதல் நாவலைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினார்கள். மனமுடைந்த அவர், இங்கிலாந்தில் இருந்த நண்பருக்கு எழுதி, கையெழுத்துப் பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி சொன்னார். நண்பர் அப்படிச் செய்யாமல், கிரகாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் அதைக் கொடுத்தார். அவருடைய பரிந்துரையால் 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. பள்ளிக்கூடத்தையும் தேர்வையும் கண்டு நடுங்கும் ஒரு சிறுவனே அதன் கதாநாயகன் என்பதைக் கவனியுங்கள். 'தி கைட்' என்ற நாவலுக்காக 1960-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

அந்த ஓராண்டு வாசிப்புதான் அவரை எழுத்தாளராக்கியது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதனை உருவாக்கும் காரணங்கள் பல. ஆனால் அந்த ஆண்டு வீணாகவில்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம். பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் அவர் அங்கே பேசிய பேச்சு, சிறுபிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றியது. புத்தகங்களையே நேசித்து வாழ்ந்த ஒருவர் புத்தகச் சுமையை எதிர்த்துப் பேசியதில் முரண்பாடு இல்லை. முதுகில் ஏற்றப்படும் புத்தகம் வேறு. மனதிற்குள் நுழையும் புத்தகம் வேறு.

பலவகை வாசிப்பு ஏன் தேவை? ஒரே வகையை மட்டும் ஆழமாக வாசித்தால் போதாதா? இதற்கு நமக்குத் தெரிந்த ஓர் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

மேட்டூர், கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கும் மைசூருக்கும் செல்லுகிறவர்கள் பாலாறு என்னும் இடத்தில் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். வேலூர் வழியாக ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் வந்து சேரும் சிறிய ஆறு. செய்தித்தாளை மட்டும் வாசிக்கிறவருக்குப் பாலாறு என்றால் ஒரே ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை. அன்று வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடிகளில் 22 பேர் மாண்டார்கள்.

நீதிமன்றத் தீர்ப்புகளை வாசிக்கிறவர் அதற்குமேல் ஒன்றை அறிவார். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற நால்வர் உட்பட 15 பேருடைய தண்டனையை உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 21 அன்று ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கருணை மனுக்களின்மேல் முடிவெடுக்க ஏற்பட்ட நீண்ட தாமதமே அந்தத் தீர்ப்புக்கு முக்கியக் காரணமாயிற்று.

வரலாற்றை வாசிக்கிறவருக்கு இன்னொன்று தெரியும். பாலாறு எப்போதும் மாநில எல்லையாக இருந்ததில்லை. அப்பாலுள்ள கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்பு அது மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்று நீர் ஒப்பந்தங்களை வாசிக்கிறவர், 1924-இல் சென்னையும் மைசூரும் செய்த உடன்படிக்கையையும், அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையையும் பாலாற்றோடு சேர்த்து நினைப்பார். நாட்டுப்புற இலக்கியத்தை வாசிக்கிறவர், 'கம்சாளே' என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டி இரவு முழுவதும் கதை பாடும் அம்மலைப் பாடகர்களை அறிவார்.

ஊர் ஒன்றுதான். ஆனால் ஒரு வகை எழுத்தை மட்டும் வாசித்தவர் அதை ஒரு குற்றம் நடந்த இடமாக மட்டுமே அறிகிறார். பல வகைகளை வாசித்தவரோ அங்கே மனிதர்களையும் காண்கிறார். எல்லைக்கு இருபுறமும் மனக்கசப்பு எழும் காலங்களில், கன்னட மக்கள் நடுவே வாழும் நமக்கு இந்த வேறுபாடு சிறிய காரியம் அல்ல.

"வேதாகமம் இருக்க, விசுவாசிக்கு வேறு புத்தகம் எதற்கு?" என்று கேட்கும் நல்ல உள்ளங்கள் நம் நடுவில் உண்டு. வேதாகமத்திற்குரிய இடத்தை வேறெந்த நூலுக்கும் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த வேதாகமமே 66 புத்தகங்களின் தொகுப்பு அல்லவா? வரலாறு, நியாயப்பிரமாணம், பாடல், பழமொழி, தீர்க்கதரிசனம், நிருபம் என்று அதில் எத்தனை வகைகள்! சிறையிலிருந்த பவுல் மேலங்கியோடு புத்தகங்களையும் கேட்டனுப்பினார் (2 தீமோத்தேயு 4:13). அத்தேனே பட்டணத்தில் பேசியபோது அந்நாட்டுப் புலவர்களின் வாக்கை எடுத்தாண்டார் (அப்போஸ்தலர் 17:28). வாசித்திராவிட்டால், அல்லது காதுகொடுத்துக் கேட்டிராவிட்டால், அது எப்படிக் கூடும்? எதையும் சோதித்துப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்வதே வாசிப்பவருக்கும் ஏற்ற வழி.

தன் மரபுக்கு வெளியே வாசிப்பதனால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாத ஐயர், 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப்பைச் சந்தித்தார். தாம் கற்ற சைவ நூல்களையும் சிற்றிலக்கியங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியாரோ அவற்றில் வியப்புக் காட்டாமல், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களை வாசித்ததுண்டா என்று கேட்டார். சமண நூலாகிய அதை விளங்கிக்கொள்ள ஐயர், கும்பகோணத்திலிருந்த சமணர்களின் வீடுகளுக்கே சென்று கேட்டுக் கற்றார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும், பௌத்த காப்பியமாகிய மணிமேகலையும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன. அவர் தம்முடைய சைவத்தை விட்டுவிடவில்லை. தமிழரோ தங்கள் பழைய செல்வத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி நம் குடும்பங்களுக்கு வருவோம். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் வாசித்தால் ஓர் ஆண்டில் 3,650 பக்கம். இருநூறு பக்கமுள்ள புத்தகங்களாகக் கணக்கிட்டால் பதினெட்டு. வேலைக்குப் போய்வரும் பேருந்து நேரமே இதற்குப் போதும். ஆண்டை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் வாழ்க்கை வரலாறும் கடிதங்களும். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', மு. வரதராசனாரின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' ஆகியவை இதற்கு ஏற்றவை.

அடுத்த மூன்று மாதம் கதையும் நாவலும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்த முதல் தமிழ் நாவல். அதை எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்பது நம் பிள்ளைகளில் அநேகருக்குத் தெரியாது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைச் சிறு பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டலாம்.

மூன்றாம் பகுதியில் வரலாறு, பயணம், அறிவியல். ஏ.கே. செட்டியாரின் பயண நூல்கள் எளிய தமிழில் உலகைக் காட்டும்.

நான்காம் பகுதியில் கவிதையும், நாம் வாழும் மண்ணின் இலக்கியமும். கர்நாடகத்தில் இருக்கிறவர்கள், நாராயண் படித்த அதே மகாராஜா கல்லூரியில் அதே காலத்தில் பயின்ற குவெம்புவை வாசிக்கட்டும். கன்னடப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அவருடைய பாட்டை வாசித்துப் பெற்றோருக்குப் பொருள் சொல்லட்டும். பெற்றோர் பிள்ளைக்குத் தமிழ் வாசித்துக் காட்டட்டும். ஒரே மேசையில் இரண்டு மொழியும் வளரும்.

தமிழ்ப் புத்தகம் இங்கே கிடைப்பதில்லை என்று சொல்லவேண்டாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய தமிழ் நூல்களைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே தருகின்றன. அச்சுப் புத்தகத்திற்கு ஒவ்வொரு நகரத்திலும் பொது நூலகம் உண்டு.

பெற்றோரே, இந்த ஆண்டு உங்கள் பிள்ளை தேர்வில் தவறியிருந்தால், துணைத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்துங்கள், அது அவசியம். ஆனால் நாள் முழுவதும் தவறிய பாடத்தையே கண்முன் நிறுத்தாதிருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவனுக்கு, அவளுக்கு விருப்பமான புத்தகத்தைக் கொடுங்கள். என்ன வாசித்தாய் என்று கேளுங்கள். எத்தனை மதிப்பெண் என்று அந்த ஒரு மணி நேரம் கேட்காதிருங்கள். பிள்ளை உணவில்லாமலும் உறக்கமில்லாமலும் பேச்சற்றும் இருக்கக் கண்டால் தாமதிக்காமல் அருகில் அமருங்கள். மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் அழைத்துச் செல்ல வெட்கப்படாதிருங்கள்.

இந்த வாரச் சனிக்கிழமையே பிள்ளையோடு சென்று, அதன் பெயரில் ஒரு நூலக உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.