போன பொடி திரும்பி வந்தது!

தையல் பெட்டி கவிழ்ந்து குண்டூசிகள் கூடமெல்லாம் சிதறிவிட்டால் என்ன செய்கிறீர்கள்? குழந்தையின் விளையாட்டுக் காந்தத்தை எடுத்துத் தரையில் ஓட்டுகிறீர்கள். ஊசிகள் சமர்த்தாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. ரசாயன விஞ்ஞானிகளும் இப்போது இதே வித்தையைத்தான் கையாளுகிறார்கள்!

ரசாயனத்தில் 'கிரியா ஊக்கி' என்று ஒன்று உண்டு. கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்துவிட்டுத் தான் மாறாமல் விலகிக்கொள்ளும். வடசென்னை மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை இருக்கிறதல்லவா? அங்கே நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அம்மோனியாவாக்கி, அதிலிருந்து யூரியா உரம் செய்கிறார்கள். அந்தச் சம்பந்தத்தை முடித்து வைக்கும் தரகர், இரும்பு. 'மாக்னடைட்' என்ற காந்தக் கல்லிலிருந்து இந்த ஊக்கியைச் செய்யலாம் என்று 1909-ல் ஜெர்மனியில் மித்தாஷ் என்ற விஞ்ஞானி கண்டார்.

அம்மோனியா விஷயத்தில் தொல்லை இல்லை. ஊக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். வாயு அதன் ஊடே ஓடிவிடும். மருந்தும் சாயமுமோ பெரும்பாலும் திரவத்தில் தயாராகின்றன. பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தைப் பொடியாக அதில் கலந்துவிட்டால், வடிகட்டி எடுப்பது பெரும்பாடு. எடுக்க முடியாதது கழிவோடு போகும்.

கழிவு எங்கே போகும்? மணலிவாசிகளுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, மணலியும் அதில் இருந்தது.

இங்கேதான் பழைய காந்தக் கல் புது வேஷத்தில் வருகிறது. மாக்னடைட்டை 10, 20 நானோமீட்டர் துகள்களாகச் செய்கிறார்கள். (தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர்!) துகளுக்கு மணற்சத்தான சிலிக்காவால் ஒரு சட்டை போட்டு, அதன்மேல் பல்லேடியத்தைப் பதிக்கிறார்கள். வேலை முடிந்ததும் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் காந்தத்தை வைத்தால், பொடி முழுவதும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். திரவத்தை இறுத்துவிட்டு, பொடியைக் கழுவி, மறுபடியும் உபயோகிக்கலாம். காந்தத்தை எடுத்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்துவிடுவது இன்னும் வேடிக்கை!

ஆனால் தோழியரே, குறையும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் கரைந்து போகலாம்; பல தடவைக்குப் பிறகு பொடியும் களைத்துப் போகும். இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை இன்னும் பரிசோதனைச் சாலையை விட்டு வெளிவரவில்லை.

சிக்கனம் தெரிந்த இல்லத்தரசி எதையும் ஒரே தடவை உபயோகித்துவிட்டுத் தெருவில் எறிய மாட்டாள். ஆலைகளும் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டால், கழிவு ஓடும் வழியில் குடியிருக்கும் தாய்மார்களுக்குக் கவலை கொஞ்சமாவது குறையும்.