கிழட்டு நாயின் கடைசிக் கிழமைகள்

இலங்கையின் வெருகல் பக்கம் நாய் வளர்ப்பது காவலுக்கு. மகாவலியின் கிளையொன்று கடலில் போய் விழும் இந்தக் கரையில் இரவில் யானை வரும், பன்றி வரும். வேலிக்கு அப்பால் எது அசைந்தாலும் முதலில் குரைப்பது வளவு நாய்தான். அப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் குரைத்த ரைகரோ ஜிம்மியோ ஒரு நாள் எழும்ப மாட்டாமல் படுத்துவிட்டால் ஆச்சி கஞ்சியோடு பக்கத்தில் குந்திவிடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகமாட்டோம் என்பார்கள். “ஒரு நாய்க்கு இவ்வளவா?” என்று கேட்கவும் ஒரு சித்தப்பா இருப்பார்.

நாய்க்குக் கல்லே நட்டவர்கள் நாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்லெழுத்து சொல்கிறது.

கோவிவனாவது வேலை செய்த நாய். ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசலில் 1914இல் கிடைத்த புதைகுழி இன்னும் விசித்திரமானது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணையும் பெண்ணையும் அடக்கம் செய்த குழியில் ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரசு நோய் கண்டிருக்க வேண்டும் என்கிறது. நோய் திரும்பத் திரும்பத் தாக்கியும் சில கிழமைகள் உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ துடைத்து, தண்ணீர் பருக்கிப் பார்க்காவிட்டால் அது நடந்திருக்காது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத குட்டிக்குத்தான் அத்தனை பணிவிடை.

கிழட்டு நாய்க்கு வருவோம். நாயின் ஒரு வயது நமக்கு ஏழு வயது என்ற கணக்கு சரியில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லாப்ரடோர் நாய்களின் மரபணுவில் வயதோடு மாறும் வேதிக் குறிகளை மனிதக் குறிகளோடு ஒப்பிட்டு, 2020இல் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் முப்பத்தொரு வயது ஆள். பத்து வயது நாய்க்கு 68. முதலில் ஓடிவிட்டுப் பிறகு மெல்ல நடக்கும் மூப்பு அது. மூளையும் கூடவே தேயும். அல்சைமர் நோயாளியின் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் கிழட்டு நாயின் மூளையிலும் படிகிறது. அமெரிக்க ஆய்வொன்றில் 11, 12 வயது நாய்களில் 28 வீதத்துக்கும், 15, 16 வயதில் 68 வீதத்துக்கும் இத்தகைய தடுமாற்றத்தின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. இரவில் காரணமில்லாமல் ஊளையிடுவதும், மூலையில் போய் முட்டி நின்று திரும்பத் தெரியாமல் விழிப்பதும் அதனால்தான். யமனைக் கண்டு ஊளையிடுகிறது என்று கல்லெறிய வேண்டாம்.

வலியை நாய் வாய்விட்டுச் சொல்வது குறைவு. வெயில் இல்லாத நேரத்தில் இளைக்கும்; ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும்; மீன் தலையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2004இல் ஓர் அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. மொத்தம் 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். புள்ளி போடுவது கல்நெஞ்சு வேலையாகத் தெரியலாம். ஆனால் “இன்னும் ரெண்டு நாள் பாப்பம்” என்று நாம் தள்ளிப்போடுவது நாய்க்காகவா நமக்காகவா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நிற்கும் நாய்க்குத் தொண்டையில் முள் சிக்கியது என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். விசர்நோயின் வாத வகை அப்படித்தான் தெரியும். இலங்கையில் 1973இல் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியால் அந்தத் தொகை வெகுவாகக் குறைந்திருக்கிறது, நோய் போய்விடவில்லை. எச்சில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் என்று சந்தேகப்படும் நாய் செத்தால் அதன் தலை ஐஸ் பெட்டியில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும். வளவில் புதைக்க மிஞ்சுவது உடல்தான்.

கிழட்டு நாயை வைத்தியர் ஊசி போட்டு அனுப்புவதானால் முதலில் மயக்க மருந்து, பிறகு நரம்பில் பென்டோபார்பிட்டல். சில நொடிகளில் பெருமூளை அடங்கி நினைவு போகும். அதன்பின் மூச்சு, அதன்பின் இதயம். கண் மூடாது. ஒன்றிரண்டு முறை மூச்சு இழுபடலாம், கால் துடிக்கலாம், சிறுநீர் போகலாம். நினைவு போன பிறகு நடப்பவை இவை, வேதனை இல்லை. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அந்த மருந்து செத்த உடலில் எளிதில் சிதையாது. வட அமெரிக்காவில் அத்தகைய உடல்களைத் தின்ற கழுகுகளே செத்திருக்கின்றன. இங்கே நரியும் உடும்பும் தோண்டும். அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்தால் மூன்று நான்கு அடியாவது போக வேண்டும். மாரியில் வெள்ளம் ஏறும் ஊர் என்பதால் கிணற்றுக்குத் தள்ளி மேட்டு நிலமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். கூட இருந்த நாயை இழந்த நாய்களைப் பற்றி இத்தாலியில் 426 வளர்ப்பாளர்களிடம் கேட்ட ஆய்வு 2022இல் வெளியானது. தம் நாயின் நடத்தை மாறியது என்றவர்கள் 86 வீதம். ஆளைச் சுற்றிச் சுற்றி வந்தது, விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. ஏறத்தாழ கால்வாசி நாய்களில் மாற்றம் ஆறு மாதத்துக்கு மேலும் நீடித்தது. வளர்த்தவரின் துக்கம் நாயின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. கேள்வித்தாளில் அதை முழுக்கப் பிரிக்க முடியாது. என்றாலும் ஒரு முடிவு என்னை யோசிக்க வைத்தது. எத்தனை வருடம் ஒன்றாக இருந்தன என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. எவ்வளவு சிநேகமாக இருந்தன, சாப்பாட்டைப் பங்கிட்டுத் தின்றனவா என்பதுதான் செய்தது.