ஏரியின் பருவமும் பள்ளி விடுமுறையும்

கோடை விடுமுறைக்கு மலையேறும் தமிழ்க் குடும்பங்கள் எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் நாடுவது அவ்வூர் ஏரியைத்தான் என்றாலும், அந்த ஏரிகளுள் புகழ்பெற்றவை மனிதர் உண்டாக்கியவை என்பது படகுக்குச் சீட்டு வாங்கக் காத்து நிற்போரில் பலருக்குத் தெரிந்திருப்பதில்லை. உதகமண்டலத்தின் ஏரி, 1820-களில் கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து அமைத்தது. கொடைக்கானல் ஏரி, மதுரை ஆட்சியராகப் பணியாற்றிய வேரே ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863-இல் கரை கட்டி எழுந்தது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு ஏரியோ, சுற்றிலும் உள்ள சரிவுகளின் மழைநீர் ஒரு பள்ளத்தில் தானாகத் தேங்கியதால் தோன்றிய இயற்கை நீர்நிலை எனப்படுவது. படகு இல்லமும் கரையோர அண்ணா பூங்காவும் பின்னால் வந்து சேர்ந்தவை. அளவில் இது சிறிய ஏரியே. ஆனால் சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களின் நடுத்தரக் குடும்பங்களுக்கு விடுமுறை என்றதும் நினைவுக்கு வரும் நீர்நிலை இதுவே.

இந்தத் தேர்வுக்குப் பணமும் தூரமும் காரணங்கள். சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை அடிவாரம் கடந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பேருந்திலேயே ஏறிவிடலாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காலையில் புறப்பட்ட குடும்பம் அறை எடுக்காமல் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று நாளிதழ்கள் ஓயாமல் எழுதுவது ஊருக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றவில்லை எனினும், விடுதிச் செலவு இல்லாமல் குளிர் அனுபவிக்க இடம் கொடுக்கும் மலை என்ற பொருளில் அத்தொடர் பொய்யும் அன்று.

குளிர் என்பதும் உயரத்தின் கணக்குத்தான். தரையை ஒட்டிய காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைந்து விரிவதால் வெப்பத்தை இழக்கிறது. அதனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறைவது பொதுவிதி. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்திலும் இருப்பதால், கீழே 40 டிகிரி காயும் சித்திரை நண்பகலில் மேலே 32 டிகிரியை ஒட்டி இருக்கலாம் என்று கணக்கிடலாம். நிழலும் மாலைக்காற்றும் சேரும்போது உடல் உணரும் வேறுபாடு இதைவிடப் பெரியது.

கூட்டத்தை மலைக்குக் கொண்டுவருவது இந்த வேறுபாடும் பள்ளி நாட்காட்டியுமே. ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசியில் தொடங்கும் விடுமுறையை ஒட்டி, மே மாதத்தில் கோடை விழா நடைபெறும். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியும், ஏரியில் படகுப் போட்டியும், நாய்கள் கண்காட்சியும், தாய்மார்கள் மிகுந்த அக்கறையோடு பங்கேற்கும் ‘கொழு கொழு குழந்தைகள்’ போட்டியும் அவ்விழாவின் மாறாத அங்கங்கள். படகு இல்லத்தில் மோட்டார் படகு, துடுப்புப் படகு, மிதிபடகு என மூவகை உண்டு. அவற்றுள் குடும்பத்தின் இயல்பைக் காட்டிக்கொடுப்பது மிதிபடகே. முன்னிருக்கை இரண்டிலும் சைக்கிளுக்கு உள்ளதுபோல் மிதிகட்டைகள், நடுவில் திசை திருப்ப ஒரு கைப்பிடி. கால் எட்டாத பிள்ளை கைப்பிடியைக் கேட்டு அடம்பிடிக்க, தந்தையும் தாயும் ஆளுக்கொரு வேகத்தில் மிதிக்க, படகு வட்டமடித்துக் கரையோரத்து நீர்ச்செடிகளுக்குள் போய் முட்டும். கொடுத்த அரைமணி நேரத்தில் பாதி இவ்வாறே கழியும். பாதுகாப்பு உடையை இறுக்கிக் கட்டச் சொல்லும் படகுத்துறை ஊழியரின் குரல் கரையெங்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். கரையேறியதும் மிளகாய் பஜ்ஜி. அதன்பின் பகோடா முனை, லேடிஸ் சீட் போன்ற காட்சிமுனைகளுக்குப் பயணம்.

இவ்வளவு கொண்டாட்டமும் நடக்கும் மாதங்கள், ஏரி தன் நீரை இழந்திருக்கும் மாதங்கள் என்பதுதான் இதில் உள்ள முரண். ஏற்காட்டில் சனவரி முதல் மார்ச் வரை மழை மிகக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களின் இடிமழை நிலத்தை நனைத்தாலும், ஏரியை நிரப்புவன தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையுமே. ஏரி நிறைந்து வழியும்போது உபரிநீர் பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஆகவே அருவியில் நீர் உண்டா என்பதற்கு ஏரியின் மட்டமே விடை. மழை பொய்த்த கோடையில் அருவியைக் காணப் படியிறங்கிச் செல்வோர் ஈரம் படிந்த பாறையை மட்டும் பார்த்துத் திரும்புவது வழக்கம்.

ஏரிக்கு வரும் நீரின் அளவும் தன்மையும் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களையும் பொறுத்தவை. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியையும் ஆரஞ்சு, பேரி முதலிய பழவகைகளையும் அறிமுகம் செய்தார். காப்பிச்செடி நிழலில் வளர்வது. அதற்காகத் தோட்டக்காரர்கள் சில்வர் ஓக் முதலிய மரங்களை நட்டு, அவற்றின்மேல் மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகின்றனர். மர நிழலும் கீழே மெத்தையாகப் படியும் சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தணித்து, நீர் மண்ணுக்குள் இறங்க வகை செய்கின்றன. அதே சரிவு கட்டடமாகவும் தார்த்தளமாகவும் மாறினால் மழைநீர் மண்ணையும் கழிவையும் சுமந்து ஒரே பாய்ச்சலில் ஏரியில் இறங்கும். கழிவிலுள்ள சத்தை உண்டே ஆகாயத்தாமரை போன்ற களைகள் பெருகுகின்றன. அறை சன்னலிலிருந்தே ஏரி தெரிய வேண்டும் என்று கேட்கும் விருந்தினரும், அதற்கேற்பச் சரிவை வெட்டும் கட்டுமானமும் இந்த வகையில் ஏரிக்குச் செய்வது நன்மையன்று.

வெளியூர்க் குடும்பங்களின் வருகைக்கு முன்பே இம்மலையில் மக்கள் கூடும் பருவம் ஒன்று இருந்தது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘மலையாளிகள்’ எனப்படும் பழங்குடியினர், பெயரைக் கொண்டு கேரளத்தவர் என மயங்க வேண்டாம், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் ஆவர். மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், குகைக்குள் அமைந்த சேர்வராயன் கோயிலில் மே மாதம் நிகழும் ஆண்டுத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அவர்கள் வந்து சேர்கின்றனர். சேர்வராயனும் காவேரியம்மனும் குடியிருக்கும் அக்குகைக்கும் கீழே படகுகள் நெருக்கும் ஏரிக்கும் ஒரே மாதத்தில் இருவேறு கூட்டங்கள் செல்கின்றன.

2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டபோது, ஏற்காடு அந்த ஆணைக்குள் வரவில்லை. ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் வாகனங்கள் திணறும் ஞாயிற்றுக்கிழமைகளைக் கண்டவர்கள், இங்கும் ஏதேனும் ஒரு வரம்பு தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை என்றே எண்ணுவர். அதற்குமுன் குடும்பங்களே செய்துகொள்ளக்கூடிய எளிய மாற்றம் ஒன்று உண்டு. தமிழகப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியையும் அக்டோபர் தொடக்கத்தையும் ஒட்டியும், அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியிலும் வருகின்றன. முன்னதில் ஏரியில் நீர் மிகுந்திருக்கவும் கிளியூரில் அருவி விழவும் வாய்ப்பு அதிகம். மழைக்கோட்டு மட்டும் மறக்கலாகாது. பின்னதில் காப்பிப்பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருக்கும். பறித்த பழங்களும் பருப்புகளும் களங்களில் காய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதிகாலைப் பனி விலகும்வரை ஏரியின் எதிர்க்கரை தெரியாது என்பதால் படகுச் சவாரியைப் பத்து மணிக்குமேல் வைத்துக்கொள்வது நல்லது, கம்பளியும் அவசியம்.